இனிப்புக் கடை வாசலில் குறிஞ்சா

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஞானசுந்தரம் அண்ணையின் இனிப்புக் கடை இருக்கிறது. உள்ளே நுழையும்போது இடது கைப்பக்கம், கண்ணாடி யன்னலுக்கும் கதவுக்கும் நடுவில், ஒரு சிறிய மேசை போடக்கூடிய இடம் உண்டு. முன்பு அதில் வெற்றுப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. அந்த இடத்தைத்தான் நான் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். பல வருடங்களாக நான் விடியற்காலையில், உத்தியோகத்தர்கள் வருமுன், கந்தோர்கள் துடைக்கும் வேலை செய்தேன். வேலை முடிந்து எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் மெத்ரோவால் இறங்கி, மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடையைக் கடக்கவேண்டும். கடக்கும்போதெல்லாம் ஒரே காட்சிதான். மனைவி உள்ளே நின்று லட்டும் தொதலும் நிறுத்து வாங்குவார். கணவர் வெளியே நடைபாதையில் இரண்டு கைகளையும் ஜாக்கெட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். வேறு சில நாட்களில் கணவர் உள்ளே, மனைவி வெளியே. வெளியே நிற்பவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. உள்ளே போனால் கை தானாக நீளும் என்பது அவருக்கே தெரியும். அதனால் மழையிலும் வெளியே நிற்பார். கடைக்கு உள்ளே நிற்பவர்களுக்கு விற்க எத்தனையோ தட்டுகள் இருந்தன. வெளியே நிற்பவர்களுக்கு விற்க எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

அவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தபோது குறிஞ்சா இலை ஞாபகம் வந்தது. சீனி வருத்தம் உள்ள வீடுகளில் எங்கள் ஆட்கள் அதைச் சுண்டிச் சாப்பிடுவார்கள். விமானத்தில் வரும் கீரைக் கட்டுகளோடு அதுவும் பக்கத்து ஃபொபூர் சேன்-தெனித் தெருக் கடைகளுக்கு வருகிறது. கசப்பில் பாகற்காய் அதற்குத் தம்பி முறை. அதைச் சூடான கஞ்சியாக்கி விற்பது என் திட்டம்.

ஞானம் அண்ணை சிரித்தார். பிறகு கொம்யூனியன் காலம் முடியுமட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னார். சித்திரை கடந்தால் கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல்நன்மை விழாக்கள் தொடங்கும். அவருக்கு வருடத்தில் அதுதான் பெரிய வியாபாரம். அது முடியும்போது என் மேசையில் ஆட்கள் நிற்காவிட்டால் இடம் தனூஜனுக்குப் போகும். தனூஜன் கைத்தொலைபேசி திருத்துபவன். ஏற்கெனவே வாடகை பேசி வைத்திருந்தான். என் மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் கையால் சாண் போட்டு அளந்து காட்டுவான். “அக்கா, என்ரை கண்ணாடிப் பெட்டி இதுக்குள்ள கணக்காப் பிடிக்கும்” என்பான்.

நான் காலை வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள். என் இடத்தில் வேறொருத்தியை எடுத்துவிட்டார்கள். ஆகவே எனக்குத் திரும்பிப் போக இடமில்லை. இந்த மேசை நிற்கத்தான் வேண்டும்.

முதல் வாரம் இலையை அரைத்து, வடித்து, உப்புப் போட்டுக் காய்ச்சி விற்றேன். தெரிந்தவர்கள் என் முகத்துக்காக வாங்கினார்கள். ஒரு மிடறு குடித்துவிட்டு, “நல்லாக் கிடக்கு கோசலை” என்று சொல்லிக் கடதாசிக் கோப்பையோடு நடந்தார்கள். பாரிஸ் தெருக் குப்பைப் பைகளில் ஒளிவு மறைவு இல்லை. உள்ளே கிடப்பது அப்படியே வெளியே தெரியும். கடைக்கு முன்னால் தொங்கிய பையின் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. உண்மையைச் சொன்னவர், வெளியே நிற்பவர்களில் மூத்தவரான இரத்தினம் ஐயா ஒருவர்தான்.

“நாற்பது வருசம் என்ரை மனுசி வைச்ச ரசம் குடிச்சனான் பிள்ளை. அதுக்கே முகம் சுழிக்காத ஆள் நான். இதுக்குச் சுழிச்சிட்டன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஊரில், கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில், எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் பரிசோதனை, அவதானம், முடிவு என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதாவிட்டால் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார். குப்பைப் பையை அவதானம் என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்குப் போனேன்.

சீனியும் பனங்கட்டியும் போட முடியாது. யாருக்காகச் செய்கிறேனோ அவர்களுக்கு அது ஆகாது. சீனி வருத்தக்காரருக்கும் ஆகும் என்று சீனித்துளசித் துளிகள் வாங்கிப் பானைக்குள் விட்டேன். முதல் வாய் இனித்தது. இரண்டாம் வாயில் இனிப்பைக் காணோம். இன்னும் கொஞ்சம் விட்டேன். அதுவும் போன இடம் தெரியவில்லை. போத்தலில் பாதி முடிந்தும் கசப்பு மட்டும் அப்படியே நின்றது. குறிஞ்சா பானைக்குள்ளேயே இனிப்பை விழுங்கிவிடுகிறது என்று முடிவு எழுதிக்கொண்டேன். அந்த முடிவில் பாதிதான் சரி என்பது பிறகு தெரிந்தது.

வழி சொன்னவர் என் கணவர் கரிகாலன். அவருக்கு ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ட் குசினியில் வேலை.

“இஞ்சாரும், வெள்ளைக்காரனும் கசப்புத் தின்னுறவன்தான். ஆந்தீவ் எண்டு ஒரு குருத்து இருக்கு, பச்சையாக் கடிச்சா வாய் விளங்காது. நாங்கள் அதை வெண்ணெயில வதக்கி, உப்புப் போட்டு, தேசிக்காய் பிழிஞ்சு குடுக்கிறம். ஒருத்தரும் சீனி கேக்கிறேல்லை. கசப்பை ஒளிக்கப் பாக்காதையும். அதுக்கு ரெண்டு துணை குடுத்து விடும்.”

அன்றிலிருந்து நான் இனிப்பின் பின்னால் ஓடுவதை விட்டேன். கொழுப்பு, உப்பு, புளிப்பு என்று மூன்றையும் தனித்தனியே பார்த்தேன். இலையை வெறும் சட்டியில் வாட்டினேன். கருக விட்டால் கசப்பு இரட்டிக்கிறது. நிறம் இருண்டு வாசம் எழும்பியவுடன் இறக்கினால் பச்சை நெடி போய்விடுகிறது. சிவப்புப் பச்சையரிசியை லேசாக வறுத்துக் குழையக் காய்ச்சி, வாட்டிய இலையை அரைத்து அதில் கரைத்தேன். தேங்காய்ப்பால் விட்டதும் கசப்பின் கூர் மழுங்கியது. வறுத்த சீரகமும் இஞ்சியும் அதற்கு ஒரு முகம் கொடுத்தன. உப்பு நான் நினைத்ததைவிடக் குறைவாகவே தேவைப்பட்டது. தேசிக்காய்தான் என்னை அலைக்கழித்தது. கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரைந்துவிடும். இறக்கி ஆறிய பிறகு பிழிந்தால் புளிப்பு ஒரு பக்கம், கசப்பு ஒரு பக்கம் நிற்கும். கடைசியில், பானையில் விடாமல், ஊற்றும்போது கோப்பைக்குக் கோப்பை நாலு துளி விடுவது என்று தீர்த்தேன். சூடாகவும் கொடுக்கவேண்டும். ஆறினால் கசப்பு மறுபடி தலை தூக்கும்.

கரிகாலன்தான் என் பரிசோதனைக்கு அகப்பட்ட ஆள். முதல் நாட்களில் குடித்துவிட்டு நேரே போய் வாய் கொப்பளிப்பார். அதுவே தீர்ப்பு. ஒருநாள் கொப்பளிக்கப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை என் பக்கம் நீட்டினார். நான் மறுபடி நிறைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே குப்பைப் பையில் வெறும் கோப்பைகள் விழத் தொடங்கின. வெளியே நின்றவர்கள் கதவடிக்கு வந்தார்கள். மனைவி உள்ளே தொதல் நிறுப்பிக்க, கணவர் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கஞ்சி குடித்தார். இரத்தினம் ஐயா இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இனி மருந்துக் குளிசையை விடலாமோ என்று கேட்டார். விட்டால் உங்களுக்கு விற்கமாட்டேன் என்று சொன்னேன். இது மருந்தல்ல, கஞ்சி; குளிசை எடுப்பவர்கள் இதைக் குடிக்கலாமோ என்று டொக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். சொன்னதை ஒரு மட்டையில் எழுதியும் ஒட்டினேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கடை திறந்ததும் முதல் காசு கைராசிக்காரர் கையால் விழுந்தால் அன்றைய வியாபாரம் நன்றாக ஓடும் என்பார்கள். எங்கள் தெருவில் கைராசிக்குப் பேர்போனவர் ஞானம் அண்ணை. புதிதாக யார் கடை திறந்தாலும் அவரைக் கூப்பிட்டு ஒரு தீப்பெட்டியாவது வாங்கச் சொல்வார்கள். எனக்கு அவர் பக்கத்திலேயே இருந்தார். ஆகவே கஞ்சி சரிவந்ததும் நானே கேட்டுக்கொண்டேன். அவரும் ஒவ்வொரு காலையும் மேசையில் காசை வைத்து, முதல் கோப்பையை வாங்கி, அடி தெரியக் குடிப்பார். மிச்சம் விட்டால் ராசி கெட்டுவிடும். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கக் குசினிக்குப் போவார்.

குசினியில் அவர் சீனியை நிறுப்பதில்லை. பயற்றம் மாவுக்கும் கேசரிக்கும் கையால் அள்ளிப் போட்டு, நுனி விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். போதும் என்று நாக்கு சொல்லவேண்டும். கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அதுதான் அவருடைய பெருமை.

மேசை ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இனிப்புகள் திரும்பி வந்தன. பல்லுக் கூசுகிறது, பிள்ளைகள் கடித்துவிட்டு வைத்துவிட்டார்கள் என்றார்கள். இதற்கு நேர் எதிராக, கடைக்குள்ளேயே லட்டைக் கடித்துப் பார்த்தவர்கள் சிலர், இதில் சீனியே இல்லை, மண் மாதிரிக் கிடக்கிறது என்றார்கள். ஒருநாள் இரண்டு பேர் ஒரே தட்டு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்று சண்டை பிடித்தார்கள். காசு மேசையில் இருந்த சாம்பவி அக்கா, ஞானம் அண்ணையின் மனைவி, இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்றைக் கடித்தார். கடித்ததைக் கடதாசியில் துப்பிவிட்டு, உள்ளே பார்த்துக் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அக்காவுக்குக் கோபம் என்று அர்த்தம்.

ஞானம் அண்ணை சீனியில் பழி போட்டார். இந்த நாட்டுப் பீற்றூட் சீனியில் இப்போது உரமில்லை என்றார். சீனி கொண்டுவருபவரோடு வாய்த்தர்க்கப்பட்டு மூட்டையை மாற்றினார். மாற்றிய சீனியிலும் உரமில்லை. இன்னும் அள்ளிப் போட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை மேரிறோஸ் வந்தார். மன்னார்க்காரி. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முதல்நன்மை. பயற்றம் உருண்டையும் கேசரியும் பெட்டி பெட்டியாகச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தின் முதல் பெரிய ஓடர் அது. அவருடைய கோயில் ஆட்கள் எல்லாரும் ஒருவர் வாங்கும் கடையிலேயே வாங்குவார்கள். ருசி பார்க்க ஓர் உருண்டை கொடுத்தார்கள். மேரிறோஸ் பாதி கடித்து, மென்று, விழுங்க முடியாமல் நின்றார்.

“அண்ணை, பயறுக்குள்ள சீனி போட்டனீங்களோ, சீனிக்குள்ள பயறு போட்டனீங்களோ? சனிக்கிழமை எடுக்க வரேக்கையும் இப்பிடித்தான் எண்டால் நான் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் வேறை கடை பாக்கவேண்டி வரும்.”

ஞானம் அண்ணை மற்றப் பாதியை வாங்கி வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார்.

“சீனி காணாது பிள்ளை, இன்னும் போடவேணும்” என்றார். உண்மையாகவே சொன்னார்.

மேரிறோஸும் சாம்பவி அக்காவும் அவரைப் பார்த்தார்கள். நான் அவர் பின்னால், என் மேசையில் இருந்த வெறும் கோப்பையைப் பார்த்தேன். அவர் அதைக் குடித்து முடித்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. லட்டில் சீனி இல்லை என்று சண்டை பிடித்தவர் கையிலும் அன்று ஒரு கோப்பை இருந்தது.

வீட்டுக்குப் போனதும் பரிசோதனை செய்தேன். முதலில் சீனியை நாக்கில் போட்டேன். இனித்தது. பச்சைக் குறிஞ்சா இலையை மென்று துப்பிவிட்டு மறுபடி சீனியைப் போட்டேன். கடற்கரை மணலை வாயில் போட்டதுபோல் நறநறத்தது. இனிப்பு என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. வாயைக் கழுவிவிட்டுச் சமையலைப் பார்த்தேன். சோறு வடிக்கும் நேரமளவில் சீனி மறுபடி இனித்தது. இனி இலையில்லை, என் கஞ்சியையே பார்க்கவேண்டும். கரிகாலனுக்கு ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பை கஞ்சி கொடுத்து, பின்னாலேயே வழக்கமான தேநீரைக் கொடுத்தேன்.

“என்ன, சீனி முடிஞ்சுதோ?” என்றார்.

முடிவு சந்தேகமில்லாமல் தெரிந்தது. குறிஞ்சா பானையில் எதையும் விழுங்கவில்லை. நாக்கில்தான் இனிப்பை மறைக்கிறது. அந்த மனிதருடைய நாக்கை ஒவ்வொரு காலையும் நானே கேட்டு, கைராசி என்று சொல்லி, காசும் வாங்கிக்கொண்டு கட்டிப்போட்டிருக்கிறேன்.

கரிகாலன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தேநீரை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

“வாயைத் திறக்காதையும். இலை வரேல்லை எண்டு சொல்லி ரெண்டு நாளைக்கு அவருக்குக் குடுக்காமல் விடும். நாக்குத் தானாத் திரும்பும், ஓடரும் சரியாப் போகும். நீர்தான் செய்தனீர் எண்டு தெரிஞ்சால், தனூஜன் மேசையோடை வந்து நிப்பான்.”

அதையும் ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாளைக்குப் பொய் சொல்லலாம். திங்கட்கிழமை அவர் மறுபடி காசோடு வந்து நிற்பார். அப்போது என்ன பொய்? அடுத்த கிழமைக்கு? அவர் நாக்குத் தப்பினாலும், என்னிடம் குடித்துவிட்டு உள்ளே போய் லட்டைக் கடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மண் என்றுதான் சொல்வார்கள். சீனிக்காரரும் ஒன்றுமறியாமல் ஏச்சு வாங்கியிருக்கிறார். தினம் ஒரு பொய்யில் நிற்கும் மேசை எனக்கு எத்தனை நாளைக்கு நிற்கும்? சொல்வதென்று தீர்த்தேன். எப்போது சொல்வது என்பதில்தான் யோசனை. காலையில், கடை நிறையச் சனம் நிற்கும்போது காட்டினால் அவருடைய மானம் போகும். வெள்ளிக்கிழமை காலை அவர் வழமைபோல் குடித்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. மேரிறோஸின் பெட்டிகளுக்கு மாவு குழைப்பது சனிக்கிழமை காலை என்பதால்தான் பொறுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், சனம் குறைந்த நேரத்தில், சாம்பவி அக்காவிடம் ஒரு தட்டில் சீனி கேட்டேன். ஞானம் அண்ணையைக் கூப்பிட்டு ஒரு சிட்டிகை வாயில் போடச் சொன்னேன். இனிக்கிறது, அதற்கென்ன என்றார். ஒரு கோப்பை கஞ்சி கொடுத்தேன். குடித்தார். மறுபடி சீனியை நீட்டினேன்.

அவர் வாய் அசைவதும் நிற்பதும் மறுபடி அசைவதும் தெரிந்தது. இன்னொரு சிட்டிகை எடுத்தார். பிறகு விரலை விட்டுவிட்டு உள்ளங்கையால் அள்ளிப் போட்டார். தாடியில் சீனி ஒட்டியிருந்தது.

“எத்தினை நாளா?” என்றார்.

“நீங்கள் முதல் கோப்பை குடிக்கத் தொடங்கின நாளிலையிருந்து அண்ணை. எனக்கு நேற்றுத்தான் பிடிபட்டது.”

“உன்ரை தண்ணி என்ரை நாக்கைத் தின்னுட்டுது.”

“தின்னேல்லை அண்ணை. மூடி வைக்குது. கொஞ்ச நேரத்தில திறக்கும்.”

அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. சீனிக்காரனைக் கள்ளன் என்று ஏசியதைச் சொன்னார். திருப்பி வந்த பெட்டிகளைச் சொன்னார். ராசி என்று நம்பித் தானே காசு கொடுத்துக் குடித்ததைச் சொன்னார். கடைசியில், நாளையிலிருந்து மேசை வேண்டாம் என்றார். சாம்பவி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை கடை திறக்கும்போது நான் கதவடியில் நின்றேன். பானை கொண்டுபோகவில்லை.

“போகச் சொன்னனான்” என்றார் ஞானம் அண்ணை.

“கேட்டது அண்ணை. உங்கட ஓடர் போகட்டும், நானும் போறன். உருண்டை பிடிக்க ஒரு கை குறைவாத்தானே கிடக்கு.”

கை குறைவுதான். சாம்பவி அக்கா ஒரு மேலங்கியை எடுத்து என்னிடம் தந்துவிட்டார்.

ஆனால் உருண்டை பிடிக்க மாவு வரவில்லை. ஞானம் அண்ணை வறுத்த பயற்றம் மாவுக்குள் சீனியை அள்ளினார். பாதியை மறுபடி கொட்டினார். தொட்டு நாக்கில் வைத்தார். சாம்பவி அக்காவைக் கூப்பிட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். அக்கா காணும், போதும் என்றார். அண்ணை, தனக்கும் அப்படித்தான் தெரிகிறது, ஆனால் நேற்றும் சரியென்றுதானே தெரிந்தது என்றார். கை மாவுக்குள் அப்படியே நின்றது. வாழ்நாளில் அவர் இன்னொருவர் நாக்கைக் கேட்டதாக நான் அறியேன். தன் நாக்கை நம்பாத மனிதர் எந்த அளவையும் முடிக்கமாட்டார். மேரிறோஸ் மத்தியானம் வந்துவிடுவார்.

நான் மூன்று தட்டை எடுத்தேன். ஒன்றில் வெறும் மாவு. இன்னொன்றில் கொஞ்சம் சீனி கலந்த மாவு. மூன்றாவதில் அதைவிடக் கூடுதலாகச் சீனி. அவரைக் கண்ணை மூடச் சொன்னேன். விளையாட இது நேரமா என்றார். விளையாட்டில்லை, உங்கள் நாக்கைச் சோதிக்கிறேன், பிழைத்தால் அக்கா அளக்கட்டும் என்றேன். மூடினார்.

முதல் தட்டைத் தொட்டு வைத்ததும் வெறும் மாவு என்றார். இரண்டாவதுக்குக் காணாது என்றார். மூன்றாவதுக்குச் சற்று யோசித்தார்.

“இதுக்கு இன்னும் அரைக் கைபிடி. அதோடை, மாவை ஆர் வறுத்தது? ஒரு பக்கம் கூட வறுபட்டுப் போச்சு.”

வறுத்தது சாம்பவி அக்கா. அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். ஞானம் அண்ணை கண்ணைத் திறந்து, தட்டுகளை ஒதுக்கிவிட்டு, பெரிய தாச்சிக்குள் சீனியை அள்ளினார். ஒருமுறை தொட்டுப் பார்த்தார். போதும் என்றார். அதற்குப் பிறகு எவரையும் கேட்கவில்லை.

மேரிறோஸ் வந்து ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தார். முழுதையும் சாப்பிட்டு, விரலில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு, பெட்டிகளை வான் வண்டிக்குள் ஏற்றச் சொன்னார். போகும்போது, அடுத்த கிழமை தங்கள் கோயில் ஷிரோமி வீட்டிலும் முதல்நன்மை இருக்கிறது, இங்கே வரச் சொல்கிறேன் என்றார்.

வான் போன பிறகு நான் மேலங்கியைக் கழற்றி மடித்தேன். சொன்ன சொல்லுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் போகமுன் என் பக்கத்தையும் சொல்லிவிட நினைத்தேன்.

“அண்ணை, நான் யோசிச்சு வைச்சிருக்கிறன், கேளுங்கோ. உங்கட தட்டெல்லாம் அடுக்கி முடியுமட்டும் நான் பானையைத் திறக்கமாட்டன். இஞ்சை இனிப்புச் சாப்பிட நினைக்கிற ஆக்கள் முதல் சாப்பிடட்டும், பிறகு குடிக்கட்டும். அதைத் தமிழிலையும் பிரெஞ்சிலையும் எழுதி ஒட்டுறன். குடிச்ச ஆளுக்கு அடுத்த லட்டு மண்தான். அதையும் மறைக்கமாட்டன். வெளியில நிக்கிற ஆக்களுக்கு அது நல்லதுதானே. கை நீளாது.”

அவர் தெருவைப் பார்த்தார். இரத்தினம் ஐயா நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். கூட இன்னும் மூன்று நாலு பேர். ஏன் மேசை வெறுமையாகக் கிடக்கிறது என்று ஐயா கண்ணாடிக்கு வெளியே நின்று கையால் கேட்டார்.

“அப்ப என்ரை முதல் கோப்பை?” என்றார் ஞானம் அண்ணை.

“காசை நீங்கள்தான் முதல் வையுங்கோ. கோப்பையை உங்கட வேலை முடிஞ்சாப்பிறகு சூடாத் தாறன்.”

“ராசிக்குக் காசு காணுமோ?”

“நீங்கள் காசைத்தானே கையால வைக்கிறனீங்கள் அண்ணை. கோப்பையை வாயால.”

சாம்பவி அக்கா இந்தமுறை சிரித்துவிட்டார். ஞானம் அண்ணை சிரிக்கவில்லை. தனூஜனோடு தான் கதைக்கிறதாகச் சொன்னார். திங்கட்கிழமை பானையைக் கொண்டுவரச் சொன்னார். சீனிக்காரருக்கு ஒரு பெட்டி உருண்டை கட்டி, அதை நானே கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொல்லவேண்டும் என்றார். அது நியாயம் என்று ஒத்துக்கொண்டேன்.

பெட்டியை வாங்கிக்கொண்டு கதவடிவரை வந்தவள் நின்றேன். இனி நான் பிந்தித் திறந்தால், காலையில் வெளியே நிற்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஒரு பானை காணாது. இன்னொரு பானைக்கு இன்னொரு கரண்ட் அடுப்பு வேண்டும். திங்கள்வரை பொறுத்துக் கேட்கலாம்தான். ஆனால் அடுப்புக்கு இன்னொரு பிளக் தரலாமோ என்று அப்போதே கேட்டுவிட்டேன்.

ஞானம் அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். சாம்பவி அக்காதான் மேசைக்குப் பக்கத்தில் ஒதுக்கியிருந்த வெற்றுப் பெட்டிகளை நகர்த்தி, சுவரில் இருந்த இரண்டாவது பிளக்கைக் காட்டினார்.